எச்சக் கணக்கெடுப்பு

அந்த அருங்காட்சியகத்தில் எச்சிலார் என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. பழைய ஓவியங்களின் மேல் படிந்த அழுக்கை எச்சிலால் துடைத்து எடுப்பது அவர் வேலை. கேலி இல்லை, உலகத்தில் பல இடங்களில் நடப்பதுதான். மூங்கில் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் ஓர் உருட்டு, படத்தில் ஓர் உருட்டு. நூறு வருடத்துப் புகையும் தூசும் மறுபேச்சுப் பேசாமல் பஞ்சுக்கு வந்துவிடும். இதற்கென்றே ஆலையில் தயாரித்த திரவம் குப்பியில் கிடைக்கிறது. எச்சிலார் அதை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, "இது யாரோட எச்சிலோ" என்று மூடி வைத்துவிட்டார்.

ஒரு பஞ்சு, ஒரு நக்கு, பிறகு குப்பைக் குடுவை. துடைத்த பஞ்சைத் திரும்ப வாயில் வைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். முப்பத்தொரு வருடத்தில் எச்சிலார் அதை மீறியதே இல்லை, மனைவி போனில் பேசும் நேரம் தவிர. மனைவி தினமும் பதினொரு மணிக்குக் கூப்பிடுவார். பன்னிரண்டு வரை பேசுவார்.

ஓய்வு பெற இன்னும் ஐந்து வாரம் இருந்தது. மகளுக்கு எட்டாம் மாதம். அவள் இருக்கும் ஊருக்கு ரயிலில் ஒன்றரை நாள் போக வேண்டும். இரண்டு டிக்கெட் எடுத்து மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். மகள் பிறந்தபோது எச்சிலார் வேறு ஊரில், ஒரு மண்டபத்தின் கூரை ஓவியத்துக்குக் கீழே சாரத்தில் மல்லாந்து படுத்திருந்தார். பிள்ளையின் முகத்தைப் பார்க்க நாற்பது நாள் ஆயிற்று. அதைச் சொல்லிக் காட்டாத நாள் அந்த வீட்டில் கிடையாது. அதனால் இந்தத் தடவை மகளிடம் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். பேரனோ பேத்தியோ கண்ணைத் திறக்கும்போது எதிரே தாத்தாவின் முகம் இருக்கும்.

கையில் கடைசியாக இருந்த படம் பன்னிரண்டு அடி நீளம். எலும்புக்கூடுகள் வரிசையாக ஆடிக்கொண்டு போகின்றன. ஒவ்வொன்றின் கையிலும் ஓர் ஆள். முதலில் அரசர், அப்புறம் நீதிபதி, மருத்துவர், மணப்பெண், சமையல்காரர். நீதிபதி மட்டும் ஏதோ ஆட்சேபம் தெரிவிக்கிற மாதிரி விரலைத் தூக்கியிருப்பார். கொள்ளைநோய் வந்து போன ஊர்களில் ஒரு காலத்தில் இதைச் சுவர் சுவராக வரைந்து வைத்தார்கள், யாரும் தப்ப முடியாது என்று ஞாபகப்படுத்த. இந்தப் படம் அதற்கு வெகு பிந்தியது. பழையதைப் பார்த்து யாரோ ஓர் ஓவியர் துணியில் எண்ணெய் வண்ணத்தில் போட்டது. வரிசையின் கடைசி எலும்புக்கூடு மட்டும் ஒரு கையை வலப்பக்கப் படச்சட்டத்தை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கையில் யாரும் இல்லை. ஓவியர் வேண்டுமென்றே விட்டாரா, மறந்துவிட்டாரா என்று கலை வரலாற்றுக்காரர்கள் நாற்பது பக்கம் எழுதியிருந்தார்கள். துணி தீர்ந்துவிட்டது என்பது எச்சிலாரின் கட்சி.

படத்தின் நிழல்கள் எல்லாம் தேன்பாகு மாதிரி ஒரு பழுப்பு. அது என்ன பழுப்பு என்று தெரிந்துகொள்ள, கடுகில் கால்வாசி அளவு சுரண்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். பத்து நாளில் பதில் வந்தது. அந்தப் பழுப்பு மனிதன்.

மம்மி பழுப்பு என்று அதற்குப் பெயர். பாலைவனக் கல்லறைகளிலிருந்து பதம்பண்ணிய பழைய பிணங்களை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, அரைத்து, எண்ணெயில் குழைத்து, குழாயில் அடைத்து வண்ணக் கடைகளில் விற்றிருக்கிறார்கள். நிழல் போட அதைப்போல் வராது என்று ஓவியர்களும் வாங்கியிருக்கிறார்கள். பாதிப் பேர் அதை ஏதோ கடைக்காரன் வைத்த பெயர் என்றுதான் நினைத்தார்களாம்.

பதினொரு மணிக்கு மனைவி கூப்பிட்டபோது எச்சிலார் விஷயத்தைச் சொன்னார்.

"மம்மியா? யாரோட மம்மி?"

அம்மா இல்லை, பிணம் என்று விளக்கினார்.

"அப்ப எட்டு மாசமா அதைத்தான் நக்கிட்டு இருந்தீங்களா?"

"அதை எங்க நக்கினேன்? பஞ்சைத்தான் நக்கினேன்."

"பஞ்சு எதை நக்குச்சு?"

பதில் சொல்ல வாயைத் திறக்கப் போனார். வாயில் ஒரு குச்சி இருந்தது. எடுத்துப் பார்த்தார். பஞ்சு பழுப்பாக இருந்தது. அன்றைக்குக் கொண்டுபோன சாப்பாடு அப்படியே வீடு திரும்பியது.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. அருங்காட்சியகத்தில் மனித உடலின் மிச்சம் எதுவாக இருந்தாலும், எலும்போ முடியோ பழுப்போ, அதைத் தனியே பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த வேலை பதிவாளருடையது. அவரை எல்லோரும் எண்ணம்மா என்பார்கள். அங்கே இருந்த நாற்பதாயிரம் பொருளுக்கும் கைப்பட எண் போட்டவர். அவருடைய பேரேட்டில் ஒன்று மையில் ஏறிவிட்டால் ஏறியதுதான். அடித்தல் திருத்தல் என்ற பேச்சே கிடையாது. ஆய்வுக்கூடத்தின் பதிலைப் பார்த்த அன்றே அவர் எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரு படிவம் அனுப்பினார். தலைப்பு, எச்சக் கணக்கெடுப்பு. மனித எச்சம் எங்கெங்கே இருக்கிறது என்று அறிவதற்கு.

படிவம் வந்தபோது எச்சிலார் தலையில் பூதக்கண்ணாடி மாட்டியிருந்தார், அதுவும் நெற்றிக்கு மேல். படிக்கிற கண்ணாடி மெருகு பூசும் அறையில் கிடந்தது. முப்பத்தொரு வருடமாக ஒரே சொல்லைக் கேட்டுப் பழகிய மனிதர். கண் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்தது, மிச்சத்தைத் தானாகவே போட்டு நிரப்பிக்கொண்டது. எச்சிலைப் பற்றிக் கணக்கெடுக்கிறார்கள். போகிற காலத்திலாவது நம்ம தொழிலை மதித்தார்களே என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நல்ல பேனாவாகப் பார்த்து எடுத்தார்.

உங்கள் பிரிவில் எச்சம் உள்ளதா என்ற கேள்விக்கு, உண்டு என்று எழுதினார். எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பதற்கு, என் வாயில். எவ்வளவு காலமாக? பணியில் சேர்ந்த நாளிலிருந்து. அளவு? தேவைக்கேற்ப ஊறும், வெயில் காலத்தில் சற்றுக் குறைவு. வேறு இடத்துக்கு மாற்ற இயலுமா? இயலாது, நான் போகுமிடமெல்லாம் கூடவே வரும். கடைசியில், தேவைப்படுவோர் நேரில் வந்தால் காட்டத் தயார் என்று கேட்காததையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு நாள் கழித்து எண்ணம்மா வந்தார். கையில் நூல் கோத்த ஒரு சிறிய அட்டை.

"கையை நீட்டுங்க சார்."

"எதுக்கும்மா?"

"எண் போடணும்."

படத்தின் எண் இருநூற்றுப் பதினேழு. அட்டையில் 217, புள்ளி, 2 என்று இருந்தது. ஒரே பொருள் இரண்டு துண்டாக இருந்தால் அப்படித்தான் போடுவார்கள். எச்சிலார் சிரித்தார். எண்ணம்மா சிரிக்கவில்லை. அப்போதுதான் அவர் போய்க் கண்ணாடியை எடுத்து வந்து, தான் நிரப்பிய படிவத்தை முழுசாகப் படித்தார்.

"எச்சில்னு படிச்சிட்டேன்மா."

"எனக்குப் புரியுது சார். ஆனா மையில ஏறிடுச்சு."

"அடிச்சிட்டு எழுதுங்களேன்."

பெற்ற பிள்ளையை அடிக்கச் சொன்னதுபோல் எண்ணம்மா பார்த்தார். குழுவில் சொல்லிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, மணிக்கட்டில் நூலை இரட்டை முடிச்சாகப் போட்டுவிட்டுப் போனார்.

மனித எச்சங்களுக்கான குழு அன்று மதியமே கூடியது, ஐந்து பேர். நடுவில் ஒரு வழக்கறிஞர், ஓரத்தில் ஒரு மருத்துவர். எழுத்துப் பிழை, படிப்புப் பிழை என்று எச்சிலார் விளக்கியதை எல்லோரும் அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார்கள். வேலைக்கு முன்னால் எடுத்த புகைப்படத்தையும் இப்போதைய புகைப்படத்தையும் வழக்கறிஞர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கடைசி எலும்புக்கூட்டின் காலடி நிழல் முன்னால் கனமாக இருந்தது. இப்போது மெலிந்திருந்தது. அழுக்கோடு பழுப்பும் கொஞ்சம் கிளம்பி வந்துவிட்டது என்பது எச்சிலாருக்குத் தெரியும். ஓவியம் துடைப்பவன் வாழ்க்கையில் செய்யவே கூடாத காரியம் அது.

"அந்தப் பழுப்பு இப்ப எங்க சார்?" என்று வழக்கறிஞர் கேட்டார்.

பஞ்சில் என்றார். பஞ்சுக் குடுவையைச் சோதித்தாகிவிட்டது, அதில் பாதிதான் இருக்கிறது என்றார் வழக்கறிஞர். மீதி வாய்க்குப் போயிருக்கலாம் என்று எச்சிலார் மெல்ல ஒப்புக்கொண்டார். வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதை யோசித்துச் சொல்லுங்கள் என்றார். வாய்க்குப் போனதைத் துப்பினீர்களா? கழுவுதொட்டியில் துப்பியிருந்தால், மனித உடலைச் சாக்கடையில் விட்ட குற்றம். அதற்கு ஜெயில்.

எச்சிலார் யோசித்தார். இழுப்பறையில் இருந்த டிக்கெட்டை நினைத்தார். ஜெயிலிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்கப் போக முடியாது.

"முழுங்கிட்டேன்," என்றார்.

குழு மூச்சு விட்டது. காணாமல் போன பழுப்பு கிடைத்துவிட்டது. வழக்கறிஞர் கோப்பை மூடினார். பேரேட்டில் இருந்த பதிவு சரியானதே என்று தீர்மானமாயிற்று. சொந்தக்காரர்கள் வந்து கேட்கும்வரை எச்சத்தை மூலப் பொருளிலிருந்து பிரிக்கக் கூடாது. இறந்தவர் இறந்து மூவாயிரம் வருடம் ஆகியிருக்கும் என்பதால் சொந்தக்காரர்களைத் தேடக் கொஞ்சம் நாள் பிடிக்கும். எனக்குள் இருப்பதை எப்படியாவது வெளியே எடுத்துவிடுங்களேன் என்று எச்சிலார் மருத்துவரைக் கெஞ்சினார். மருத்துவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அது இந்நேரம் எலும்புவரை போய்ச் சேர்ந்திருக்கும் என்றார்.

அன்று மாலை நாலு மணிக்கு எச்சிலார் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். வாசலில் காவலாளி. இருபது வருடமாக ஒன்றாக டீ குடிக்கிறவர். எழுந்து நின்று வழியை மறித்தார்; மறித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"நகர்வுச் சீட்டு வேணும்ணே."

"எனக்குமாப்பா?"

"எண் போட்ட எதுவும் சீட்டு இல்லாம வாசலைத் தாண்டக் கூடாதுண்ணே. நீங்க எழுதின விதிதான்."

உண்மைதான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சிறிய படச்சட்டம் காணாமல் போனபோது, ஆணியாக இருந்தாலும் சீட்டு இல்லாமல் விடாதே என்று எழுதி, கண்ணாடி போட்டு, அந்தச் சுவரில் மாட்டியவர் எச்சிலார். தலைக்கு மேலேயே தொங்கியது.

"நூலை அறுத்துட்டா?"

"அறுத்தா சேதம்னு எழுதணுமேண்ணே."

சேத அறிக்கை எப்படி எழுத வேண்டும் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்ததும் எச்சிலார்தான். திரும்பி உள்ளே நடந்தார்.

மகள் சும்மா இருக்கவில்லை. ஒரு பொருளை வேறு ஊருக்கு இரவல் வாங்கலாம் என்று கேள்விப்பட்டு, இரவல் படிவத்தைத் தருவித்து நிரப்பினாள். கண்காட்சியின் தலைப்பு என்ற இடத்தில், பிரசவம். காட்சிக் காலம் என்ற இடத்தில், மூன்று மாதம், முடிந்தால் கூடுதலாக. பார்வையாளர் எண்ணிக்கை, ஒன்று. பொருளைத் தொட அனுமதி தேவையா என்பதற்கு, தேவை, மடியில் பிள்ளையைப் போட வேண்டும் என்று எழுதியிருந்தாள். எண்ணம்மா அதை இரண்டு தடவை படித்ததாகவும், படித்துவிட்டு மூக்கை உறிஞ்சியதாகவும் காவலாளி வந்து சொன்னார். ஆனால் மகள் வீடு நாலாவது மாடி, வெயில் நேரே விழும், காற்றில் ஈரம் அறுபத்தெட்டு சதவீதம். எண்ணெய் வண்ணப் பொருளுக்கு ஐம்பதைத் தாண்டக் கூடாது. விண்ணப்பம் திரும்பி வந்தது.

மாதக் கடைசி வந்தது. சேகரிப்பில் உள்ள பொருள் ஓய்வு பெற வழியில்லை என்பதால் வழியனுப்பு விழாவும் இல்லை. மனைவி ஒரு டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தனியாக ரயில் ஏறினார். பத்து நாள் கழித்துப் போன் வந்தபோது எச்சிலார் சேமிப்பறையில் இருந்தார். அவர் உடம்பின் அளவுக்கு நுரைப்பஞ்சை வெட்டி, பெட்டிக்குள் படுக்கை செய்து கொடுத்திருந்தார்கள். குறை சொல்லக் கூடாது, முதுகுக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஆண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம் என்றார் மனைவி. பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது.

"கண்ணு திறந்துட்டானா?"

"திறந்துட்டாங்க. சுத்திச் சுத்திப் பாக்கறான்."

"எதிர்ல யாரு இருக்கா?"

"நர்ஸு," என்றார்.

அந்த வருடக் கடைசியில் படம் காட்சிக்கு வந்தது. 217 புள்ளி ஒன்றையும் புள்ளி இரண்டையும் பிரித்து வைக்கக் கூடாதாகையால், படத்தின் வலப்பக்கம், சட்டத்தை ஒட்டி ஒரு நாற்காலி. எச்சிலார் அதில் உட்கார்ந்தார். எலும்புக்கூட்டின் நீட்டிய கை நேராக அவர் தோளுக்கு வந்தது. இயக்குநர் நாலடி பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு, இப்போதுதான் படம் முழுமையாக இருக்கிறது என்றார். முன்னால் கயிறு கட்டினார்கள். மங்கலான விளக்கு. நெஞ்சுயரத்தில் ஒரு பலகை: மம்மி பழுப்பு, மனிதருக்குள். தொடாதீர்கள்.

கலை வரலாற்றுக்காரர்கள் வந்தார்கள். நாற்பது பக்கம் எழுபதாயிற்று. துணி தீர்ந்துவிட்டது என்ற தன் கருத்தை எச்சிலார் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தார். அவர் திடுக்கிட்டுப் பின்வாங்கினார். காவலாளி ஓடிவந்து, "பேசாதீங்கண்ணே, பயப்படறாங்க" என்றார். மனைவி ஊரிலிருந்து திரும்பி, தினமும் சாப்பாட்டுடன் வந்தார். கூடத்தில் சாப்பிட அனுமதி இல்லை. பெட்டி கட்டும் அறையில் வைத்து ஊட்டாத குறையாகக் கொடுத்துவிட்டு, பதினொரு மணிப் பேச்சை அங்கேயே பேசி முடித்துவிட்டுப் போவார். மகள் போனில் பேரன் கதைகளைச் சொல்வாள். மாப்பிள்ளை வீட்டில் அம்மாவை மம்மி என்று கூப்பிடப் பிள்ளையைப் பழக்குகிறார்கள், அவன் வாயே திறக்கமாட்டேன் என்கிறான் என்பது அவளுடைய பெரிய குறை.

திங்கள்கிழமை பராமரிப்பு நாள். எச்சிலாரின் இடத்துக்கு வேறு ஊரிலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார், நாற்பத்தைந்து வயதிருக்கும், கைத்திறமை உள்ளவர். அவர் முதலில் படத்தைப் பார்த்து முடித்துவிட்டு, அப்புறம் எச்சிலார் பக்கம் திரும்பி, மென்மையான தூரிகையால் தோளில் தூசு தட்டுவார். ஒரு நாள் நெற்றியில் கறை ஒன்று போகவில்லை. அந்த அம்மாள் ஆலைத் திரவக் குப்பியை எடுத்தார், திறந்தார், மோந்தார், மூடினார். குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் ஓர் உருட்டு உருட்டி, எச்சிலார் நெற்றியில் ஓர் உருட்டு உருட்டினார். கை இதமாக இருந்தது. பஞ்சு பழுப்பாக வந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். அம்மாளின் சட்டைப் பையில் போன் அடித்தது. ஒரு கையால் போனை எடுத்து, மறுகைக் குச்சியைத் தன்னையறியாமல் வாயருகே கொண்டுபோனார்.

"வாயில வைக்காதம்மா," என்றார் எச்சிலார்.

வைத்தாகிவிட்டது. அடுத்த மாதமே புதிய படிவம் ஒன்று வரும் என்று எச்சிலாருக்குத் தெரியும். அந்த அம்மாளுக்கும் ஊரில் யாரோ காத்திருப்பார்கள். இன்னொரு நாற்காலிக்குச் சுவரோரம் இடம் இருக்கிறதா என்று அவர் கண் தானாகவே அளந்தது. இருந்தது.

பேரனுக்கு ஒன்றேகால் வயதானபோது மகள் வந்தாள். நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு, பையை வெளியே வைத்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றாள். அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். "இளைச்சிட்டீங்கப்பா" என்றாள். ஈரம் ஐம்பதில் இருந்தால் அப்படித்தான் என்றார் எச்சிலார். பேரனுக்கு அவருடைய நெற்றி, அவருடைய காது. ஆனால் நின்றது கைக்கு எட்டும் தூரத்தைவிட ஒரு முழம் தள்ளி. கயிற்றைப் படத்திலிருந்து இன்னும் ஒரு முழம் தள்ளிக் கட்டச் சொன்னதும் ஒரு காலத்தில் அவர்தான்.

அந்த நேரம் பார்த்து ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு வழிகாட்டி வந்தார். இடப்பக்கம் இருப்பது மம்மி, வலப்பக்கம் உட்கார்ந்திருப்பதும் மம்மி, மம்மி இரண்டும் ஒன்றே என்று அவர் குச்சியால் காட்டிக் காட்டிச் சொன்னார். கூட்டம் பார்த்தது, நகர்ந்தது.

பிள்ளை அந்தக் குச்சி போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒற்றை விரலை நீட்டி, நேராக எச்சிலாரைக் காட்டி, தெளிவாகச் சொன்னான்.

"மம்மி."

மகள் அவனை இறுக்கிக்கொண்டாள். பதினைந்து மாதமாகத் தவம் கிடந்தவள். கண்ணில் நீர் தளும்ப, "அப்பா, கேட்டீங்களா? மொத வார்த்தை. என்னைக் கூப்பிடறான்பா," என்றாள்.

விரல் எங்கே நீண்டிருந்தது என்பதைக் காவலாளியும் பார்த்தார். பார்த்துவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எச்சிலார் வாயில் வந்ததை முழுங்கினார்.

"ஆமாம்மா," என்றார். "உன்னைத்தான்."